மார்ஃபின் கொடுத்தும் வலி அடங்காதபோது: மலைப்பகுதிப் புற்றுநோயாளிகளுக்கான வலி நிவாரண வழிகாட்டி

நீலகிரியின் எஸ்டேட் லயன்களிலும் மலையூர் வீடுகளிலும் புற்றுநோயாளிகளைப் பார்க்கச் செல்லும்போது என்னிடம் அதிகம் சொல்லப்படும் வாக்கியம், "மாத்திரை கேக்க மாட்டேங்குதுங்க" என்பதுதான். அதையடுத்து, "இதுக்கு மேல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று குரல் தாழ்த்திச் சொல்வார்கள். முதல் வாக்கியம் பெரும்பாலும் உண்மையாக இருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை வலி நிவாரணி) மருந்து ஒன்றுக்கு வலி கட்டுப்படாதபோது பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் பாதியைத் தாண்டிவிட்டு நேரே விலையுயர்ந்த மருந்துக்குப் போகும் குடும்பங்கள் பணத்தையும் இழக்கின்றன, நோயாளிக்கு மிச்சமிருக்கும் நல்ல நாட்களையும் இழக்கின்றன.

இதை நோயாளியின் வீட்டாருக்காகவும், அவர்களுக்கு அருகிலிருக்கும் செவிலியர்களுக்காகவும் முதல்நிலை மருத்துவர்களுக்காகவும் எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்வதற்கும் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கும் உரியவை. அவற்றைக் கொண்டு வீட்டில் யாரும் தாமாக மருந்தைக் கூட்டவோ மாற்றவோ கூடாது.

முதலில்: மருந்து உண்மையில் உள்ளே போனதா?

உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வலியின் கடுமைக்கேற்ப மருந்தின் வலிமையைக் கூட்டிச் செல்லும் மூன்று படி ஏணியைப் புற்றுநோய் வலிக்காக வெளியிட்டது. 2018-ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட வழிகாட்டுதலில் ஏணியைவிட, வாய்வழியாகக் கொடுத்தல், கடிகாரப்படி கொடுத்தல், ஆளுக்கேற்ற அளவில் கொடுத்தல், சிறு விவரங்களையும் கவனித்தல் ஆகிய நான்குக்கும் முதன்மை தரப்பட்டது. நான் பார்க்கும் வீடுகளில் முறிந்து கிடப்பது பெரும்பாலும் இரண்டாவது விதிதான்.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ 4 மணி நேரம் நிற்கும். ஆகவே காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 மணிக்கு ஒவ்வொரு வேளையும், இரவு 10 மணிக்கு இரட்டிப்பு வேளையும் என்று கொடுத்தால் நோயாளி நடு இரவில் எழாமல் தூங்கலாம். கோத்தகிரிப் பக்கத்து லயன் வீடு ஒன்றில், வாய்ப் புற்று கண்ட பெரியவருக்கு அவருடைய மகன் மாத்திரைகளை அரிசி டப்பாவுக்குள் பூட்டி வைத்திருந்து, அப்பா கத்தும்போது மட்டும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவந்தார். "பழக்கமாகிடக் கூடாதுன்னுதாங்க" என்று அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் வலி உச்சத்துக்கு ஏறியபின் கொடுக்கும் மாத்திரை அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏறுமுன் கொடுக்கும் மாத்திரை அதைத் தலைதூக்க விடுவதில்லை. அளவைத் துளியும் கூட்டாமல், கடிகாரத்தை மட்டும் சரிசெய்ததில் அவருடைய வலி இரண்டே நாட்களில் வெகுவாகக் குறைந்தது. வலிக்காக மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்படும் மார்ஃபினுக்கு உடல் பழகுவது இயல்பு, திடீரென நிறுத்தினால் உடல் தவிக்கும் என்பதும் உண்மை. ஆனால் போதைக்கு அடிமையாவது வேறு விஷயம், புற்றுநோய் வலியில் அது அரிது.

அடுத்து விழுங்கும் திறனைப் பாருங்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்று வந்தவர்கள் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பின்பு துப்பிவிடுவது உண்டு. சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, தேவையானால் மூக்குவழிக் குழாயில் செலுத்தலாம். 12 மணி நேரம் நிற்கும் மெதுவாகக் கரையும் மாத்திரையை ஒருபோதும் பொடிக்கக் கூடாது. பொடித்தால் அரை நாளுக்குரிய மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கிவிடும். இரண்டும் ஒரே பெயரில் வருவதால் அட்டையில் எழுதியிருப்பதைச் செவிலியரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மருந்து உண்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பவருக்கு முதலில் வாந்தியை நிறுத்த வேண்டும். மலச்சிக்கலுக்கு மருந்து சேர்க்காமல் மார்ஃபினைத் தொடரவே கூடாது. ஐந்து நாள் மலம் இறங்காத வயிற்றின் வலியைப் புற்றுநோய் வலி என்று எண்ணி மார்ஃபினைக் கூட்டினால், சிக்கலும் வலியும் சேர்ந்தே கூடும். பிசகோடில், சென்னா போன்று குடலைத் தூண்டும் மருந்துகளே இதற்கு ஏற்றவை. தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம்.

மூன்று நாட்களுக்கு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை மணிக்கு எந்த மருந்து, வலி எவ்வளவு, இடையில் எத்தனை முறை கூடுதல் மாத்திரை தேவைப்பட்டது, மலம் எப்போது கழிந்தது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் சொல்லத் தயங்கும் முதியவர்களிடம், "முழு வலி பதினாறணான்னா இப்ப எத்தனை அணா இருக்கு?" என்று நான் கேட்பது வழக்கம். "பன்னெண்டணா இருந்தது, இப்ப நாலணாதான்" என்று தயங்காமல் பதில் வரும். அந்த நோட்டு இல்லாமல் எந்த மருத்துவராலும் அடுத்த படியைச் சரியாக முடிவுசெய்ய இயலாது.

வலி எப்படி இருக்கிறது என்று அவர் வாயாலேயே கேளுங்கள்

தமிழில் வலிக்குச் சொற்கள் ஏராளம். அவை ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தடயம். எரிகிறது, மின்சாரம் அடித்தாற்போல் சுரீரென்று ஓடுகிறது, மதமதவென்று இருக்கிறது, துணி பட்டாலும் தாங்கவில்லை என்பவை நரம்பு நசுங்கியதையோ சிதைந்ததையோ சுட்டுகின்றன. இவ்வகை வலிக்கு மார்ஃபின் தனியாகப் பாதி தூரம்தான் வரும். அசைந்தால் உயிர் போகிறது, அசையாமல் படுத்திருந்தால் பரவாயில்லை என்பது பெரும்பாலும் எலும்பு வலி. விட்டுவிட்டுப் பிடித்து முறுக்கும் வயிற்று வலி குடலிலிருந்து வருவது. அதற்கு ஹயோசின் பியூட்டைல்புரோமைடு போன்ற மருந்து தேவை. வலது விலாவுக்குக் கீழே இழுத்துப் பிடிப்பது கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடுவதாக இருக்கலாம். ஆறாத வாய்ப் புண்ணில் வலி இரண்டு மூன்று நாளில் திடீரென ஏறி, நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் அது சீழ். அங்கே தேவைப்படுவது கூடுதல் மார்ஃபின் அன்று, நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவதும்தான்.

ஒரு நிலைமையை மட்டும் எவ்வகையிலும் தள்ளிப்போடக் கூடாது. முதுகு வலி நாளுக்கு நாள் கூடி, இருமினாலோ படுத்தாலோ அதிகமாகி, கால்கள் துவண்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைந்து, சிறுநீர் இறங்காமல் நின்றால், தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கப்பட்டால் நடை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. கால்கள் முழுதும் விழுந்தபின் திரும்புவது அரிது. மழையானாலும் இரவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

உடல் சாராத வலியும் உண்டு. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதை முழுமை வலி என்ற கருத்தாக வகுத்தார். மகள் கல்யாணம் முடியவில்லை, வேலையிலிருந்து நின்றால் லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற அச்சத்தோடு படுத்திருப்பவரின் வலி மாத்திரையால் மட்டும் இறங்காது. மருந்தைக் கூட்டும் முன்பு அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

அளவு போதவில்லையா, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

கடிகாரமும் விழுங்குதலும் சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால், அடுத்த முடிவு ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: நோயாளி தெளிவாக இருக்கிறாரா, மயங்கியிருக்கிறாரா? தெளிவாக இருக்கிறார், வலி சற்றுக் குறைந்து மறுபடி ஏறுகிறது என்றால் அளவு போதவில்லை. மருத்துவர் வழக்கமாக 30 முதல் 50 விழுக்காடு வரை கூட்டுவார். மார்ஃபினுக்கு இன்ன மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற பொதுவான உச்சவரம்பு கிடையாது. இரு வேளைகளுக்கு நடுவே திடீரெனக் கிளம்பும் இடைவலிக்கான கூடுதல் வேளை, ஒரு நாள் மொத்த அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. நாளுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் அது தேவைப்பட்டால் அடிப்படை அளவே குறைவு என்று கொள்ளலாம்.

தொடக்கத்திலோ அளவைக் கூட்டியதும் வரும் முதல் சில நாட்களிலோ தூக்கம் மிகுவது இயல்பு. பல நாட்களாகத் தூங்காதவர் தூங்குவதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கை கால் வெட்டி வெட்டித் துள்ளுவது, இல்லாதவர்களைக் கண்டு பேசுவது, எழுப்பினால் ஒரு சொல் சொல்லி மறுபடி ஆழ்ந்துபோவது, இவையெல்லாம் மருந்து உடலில் தேங்குகிறது என்பதன் அடையாளம். மார்ஃபினின் சிதைவுப் பொருள்கள் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நேற்றுவரை ஒத்துவந்த அளவே இன்று அதிகமாகிவிடும். ஆகவே மருந்தை மாற்றும் முன்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை அவசியம். கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே இறங்கி, எழுப்பவும் இயலவில்லை என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். அளவைக் கூட்டக் கூட்ட வலி உடலெங்கும் பரவி, தொட்டாலே வலிக்கும் நிலையும் சிலருக்கு வரும்; அங்கே மேலும் கூட்டுவது எதிரான பலனையே தரும்.

துணை மருந்துகள்

இந்தப் படியைச் சோம்பலாலோ அறியாமையாலோ தாண்டிவிடுவது நம் ஊர்களில் அதிகம் என்பது என் கருத்து. நரம்பு வலிக்கு இரவில் 10 முதல் 25 மி.கி. அமிட்ரிப்டிலின், அல்லது இரவில் 300 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் கபாபென்டின், அல்லது பிரிகபாலின் சேர்க்கலாம். இவை மார்ஃபினோடு சேரும்போது மயக்கத்தைக் கூட்டும், முதியவர்கள் இரவில் எழுந்து தடுமாறி விழக்கூடும் என்பதால் குறைந்த அளவில் தொடங்கி ஓரிரு வாரங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் நாளே கேட்கவில்லை என்று தள்ளிவிடக் கூடாது. நரம்பு அழுத்தம், கல்லீரல் வீக்கம், மூளையில் நீர்க்கோவை ஆகியவற்றுக்கு டெக்ஸாமெத்தசோன் ஓரிரு நாளில் பலன் தரும். தூக்கத்தைக் கெடுக்காமலிருக்கக் காலையில் கொடுக்க வேண்டும், சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போன்றவை உதவும். இரைப்பைக்குக் காப்பு மருந்தும், சிறுநீரகத்தின் மேல் ஒரு கண்ணும் தேவை.

மார்ஃபின் உண்பவருக்குப் பென்டாசோசின் ஊசியைப் போடக் கூடாது. அது வலிக்குப் போடும் ஊசிதான் என்றாலும், மார்ஃபினின் வேலையைத் தடுத்து, வலியையும் உடல் தவிப்பையும் ஒரே நேரத்தில் வரவழைக்கக்கூடியது. இரவில் அவசரமாக ஒரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், நோயாளி மார்ஃபின் உண்கிறார் என்பதை வீட்டார் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஓபியாய்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல்

அளவைக் கூட்ட இடமில்லாமல் பக்க விளைவு தடுத்தாலோ, சிறுநீரகம் தளர்ந்தாலோ, விழுங்கவே முடியாமல் போனாலோதான் மருந்தை மாற்றும் கேள்வி எழுகிறது. மாற்றுவதன் அடிப்படை இது: ஒரு மருந்துக்குப் பழகிய உடல் மற்றொன்றுக்கு அதே அளவு பழகியிருக்காது. ஆகவே சமமான அளவைக் கணக்கிட்டு, அதிலிருந்து 25 முதல் 50 விழுக்காடு குறைத்தே புதிய மருந்தைத் தொடங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 4 மணி நேரத்துக்கொருமுறை 20 மி.கி. மார்ஃபின் உண்பவருக்கு ஒரு நாள் மொத்தம் 120 மி.கி. ஆகிறது. வாய்வழி மார்ஃபினுக்கும், தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு பேட்சுக்கும் 100-க்கு 1 என்ற விகிதத்தைக் கொண்டால், நாளுக்கு 1.2 மி.கி., அதாவது 1,200 மைக்ரோகிராம். அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 50 மைக்ரோகிராம். மயக்கமும் குழப்பமும் காரணமாக மாற்றுகிறோம் என்றால் பாதியாகக் குறைத்து மணிக்கு 25 மைக்ரோகிராம் பேட்சில் தொடங்கி, இடைவலிக்குத் தனியாக மருந்து வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பேட்ச் ஒட்டியதும் வேலை செய்யாது. 12 முதல் 24 மணி நேரம் ஆகும். ஆகவே பேட்சை ஒட்டிய பிறகும் சாதாரண மார்ஃபினை ஏறத்தாழ 12 மணி நேரம் தொடரச் சொல்வார்கள். அதேபோல் பிய்த்தெடுத்த பிறகும் மருந்து பல மணி நேரம் உடலில் இருக்கும். நாளுக்கு நாள் ஏறி இறங்கும் வலிக்கு இது ஏற்றதன்று. வலி ஓரளவு நிலைபெற்றவருக்கே பேட்ச் பொருந்தும். எலும்பும் தோலுமாக வற்றிப்போனவர்களின் உடலில் மருந்து சரியாக ஊறாமலும் போகலாம்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இம்மலையில் வீட்டுக்கு வீடு கணப்பு, வெந்நீர்ப் பை, இரட்டைக் கம்பளி உண்டு. பேட்ச் ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் மருந்து வழக்கத்தைவிட வேகமாகத் தோலுக்குள் இறங்கும். காய்ச்சலும் அதையே செய்யும். ஆகவே முதுகில் பேட்சை ஒட்டிக்கொண்டு அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது, வெந்நீர்ப் பையை அதன்மேல் வைக்கக் கூடாது. குளிருக்கு அடக்கமாக மார்பின் மேற்பகுதியில் ஒட்டி, கதகதப்பைக் கால்களுக்குக் கொடுங்கள். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு இடத்தில் புதியதை ஒட்டி, பழையதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும். வாய்ப் பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளூக்கோனசோல் இரத்தத்தில் ஃபென்டனில் அளவை ஏற்றக்கூடும் என்பதையும் செவிலியர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மெதடோன் மலிவான, நரம்பு வலிக்கும் சிறுநீரகத் தளர்ச்சிக்கும் பொருந்தக்கூடிய, வலிமையான மருந்து. ஆனால் அது உடலில் தங்கும் நேரம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுகிறது. மூன்றாம் நாள் நன்றாக இருந்தவர் ஐந்தாம் நாள் மயங்கலாம். இதயத் துடிப்பின் லயத்தையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் இசிஜி தேவை. அருகில் அனுபவமுள்ள மருத்துவரும் முதல் வாரம் தினமும் பார்க்கும் வசதியும் இல்லாமல், பந்தலூருக்கு அப்பால் யானை நடமாடும் பாதை முடிவில் உள்ள வீட்டில் இதைத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். மருத்துவமனையில் சேர்த்துத் தொடங்கி, நிலைபெற்றபின் வீட்டுக்கு அனுப்பலாம். 7 நாள் நிற்கும் புப்ரினார்ஃபின் பேட்ச் சிறுநீரகத் தளர்ச்சியிலும் பயன்படும், ஆனால் நம்மிடம் பரவலாகக் கிடைக்கும் அளவுகள் குறைந்த தேவைக்கே போதும். மார்ஃபின் கேட்காதவருக்கு அதைவிட வலிமை குறைந்த டிராமடால் கொடுப்பது பின்னோக்கிப் போவதாகும்.

மலையிறங்க வேண்டிய சிகிச்சைகள்

எலும்பில் பரவிய புற்றுக்கு ஒரே நாளில் ஒரே முறையாகக் கொடுக்கப்படும் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, பல நாள் கதிர்வீச்சுக்கு ஏறத்தாழ இணையான வலி நிவாரணம் தருகிறது. பத்து நாள் கோயம்புத்தூரில் தங்கச் செலவாகும் என்று அஞ்சிக் கதிர்வீச்சையே மறுத்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், "ஒரே நாளில் முடிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தால் அவர்களில் சிலருக்காவது வழி பிறந்திருக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், முதல் இரண்டு மூன்று நாள் வலி சற்றுக் கூடவும் செய்யலாம் என்பதால் மார்ஃபினை உடனே குறைக்கக் கூடாது. 4 மி.கி. சோலெட்ரானிக் அமில ஊசியும் எலும்புக்கு உதவும். அதற்கு முன் பல்லையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். கணையப் புற்றின் மேல்வயிற்று வலிக்கு நரம்புப் பின்னலைச் செயலிழக்கச் செய்யும் ஊசி மிக நல்ல வழி. அதைக் கடைசிக் கட்டத்துக்கு ஒத்திவைக்காமல், நோயாளி மேசையில் படுக்கக்கூடிய வலுவோடு இருக்கும்போதே கேளுங்கள். தண்டுவட உறைக்குள் மருந்து செலுத்தும் முறையும், குறைந்த அளவு கெட்டமின் என்ற மயக்க மருந்தும் வலி மருத்துவ நிபுணர்களின் கையில் உள்ளவை.

பயணத்துக்கென்று ஒரு திட்டம் வேண்டும். குன்னூர் மலைப்பாதையின் வளைவுகளில் குலுங்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பெலும்பில் புற்று உள்ளவர் துடித்துப்போவார். புறப்படுவதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பு இடைவலிக்கான ஒரு வேளையும், வாந்தி மருந்தும் கொடுத்து, அடுத்த இரண்டு வேளைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இடுப்புக்கும் முழங்காலுக்கும் தலையணை அணைத்துப் புறப்படுங்கள்.

மழை இரவுக்கு முன்னேற்பாடு

வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபடுவது இங்கே புதிதன்று. 2009 நவம்பரில் நீலகிரி முழுவதும் ஏற்பட்ட நிலச்சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே அக்டோபர் தொடங்கும்போதே, கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்கிட்டு, சட்டம் அனுமதிக்கும் அளவில் கூடுதலாகத் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். விழுங்க முடியாமல் போனால் தோலுக்கடியில் பொருத்தும் சிறு ஊசிவழியாக மார்ஃபின் செலுத்தலாம். வாய்வழி அளவில் பாதி முதல் மூன்றில் ஒரு பங்கு போதும். வீட்டாரில் ஒருவருக்கு இதை முன்கூட்டியே கற்றுத்தரச் செவிலியரால் முடியும். கைப்பேசி அலைவரிசை எந்த மேட்டில் கிடைக்கும், இரவில் எந்த வண்டிக்காரர் வருவார் என்பதும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

மார்ஃபின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்ட பின்பு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பயிற்சி பெற்ற மருத்துவரின் பொறுப்பில் அதை வைத்திருந்து வழங்கலாம். அருகில் அத்தகைய நிறுவனம் எது என்று மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும்; உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு வயநாடும் கோழிக்கோடும் அருகில் என்பதும் நினைவிருக்கட்டும். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தின் அனுபவம் அப்பகுதியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

நோயாளி மறைந்த பின்பு மிஞ்சும் மாத்திரைகளையும் பேட்சுகளையும், பதினாறு நாள் காரியம் முடியும்வரை காத்திருக்காமல், எண்ணி எழுதி, மருந்து வழங்கிய நிறுவனத்திலேயே திருப்பி ஒப்படைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் வேறொருவர் வலியில் இருக்கிறார் என்பதற்காக அவற்றைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டாம்; அவருக்குப் பொருந்தும் மருந்தும் அளவும் வேறு.